ஒரு விரல் இடம்

சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கப் பாட்டிலக்கா குழாயடியில் நின்றுவிட்டால் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அது அந்தப் பகுதியில் எல்லா வீட்டுக்கும் தெரியும். குழாயின் வாயைப் பஞ்சால் துடைப்பாள். சின்ன எரிவிளக்கைப் பிடித்துச் சுட்டெடுப்பாள். தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். "இவ்வளவு தண்ணி வீணாப் போகுதே" என்று வீட்டுக்காரி முணுமுணுத்தால் ஒரு முறைப்பு, அவ்வளவுதான் பதில். பிறகு பாட்டிலைச் சாய்த்துப் பிடிப்பாள். கழுத்துக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் வந்ததும் சட்டென்று குழாயை மூடுவாள். விரலை வைத்து அளப்பதெல்லாம் கிடையாது. பன்னிரண்டு வருஷம் பழகின கைக்கு அளவு எதற்கு?

அந்த ஒரு விரல் இடம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தது. "முட்ட முட்ட ரொப்பாதீங்கம்மா. லேப்ல குலுக்கிப் பாக்கணும்ல? ஒரு விரல் விடுங்க." அவர் சொன்னது கிருமி சோதனைக்கு. கிருமிக்குக் குலுக்க வேண்டும், குலுக்க இடம் வேண்டும், சரியான பேச்சுதான். அதற்கு அடுத்த வருஷமே ரசாயனத்துக்கும் சோதனை பார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. இன்னொரு பெட்டி பாட்டில்கள் வந்து இறங்கின. எப்படிப் பிடிப்பது என்று சொல்ல யாரும் கூட வந்து இறங்கவில்லை. அதே கை, அதே ஒரு விரல். தண்ணீர் இலாகாவில் பாட்டில் பிடிக்கிறவர்கள் நாலு பேர். நாலு பேரும் அப்படித்தான். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பதற்கு அந்த ஆபீசில் தனியாக யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை.

அவளுடைய தங்கை வாழ்க்கைப்பட்டது பூட்டு ஆலைக்குப் பின் தெருவில். ஆலையின் மதிலும் அந்தத் தெரு வீடுகளின் பின்சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பூட்டுக்கான இரும்புத் துண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு போவதற்காக ஒரு திரவத்தில் முக்கி எடுப்பார்கள். திரவம் அழுக்காகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ஆலை வாட்ச்மேன் மதிலோரம் இருக்கும் பள்ளத்தைக் கையால் காட்டுவார். பள்ளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் தந்த ஆழ்துளைக் கிணறு, போர். தெருவுக்கு அந்த ஒரே போர்தான்.

தங்கையின் புருஷன் டெய்லர். முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு கோட்டு தைப்பார், பழைய கோட்டுகளைப் பிரித்து அளவு மாற்றிக் கொடுப்பார். ஒரு நாளைக்கு எட்டு டீ. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாள் காலையில், எட்டில் மூன்றாவது டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர்தான் முதலில் சொன்னார்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. டீத் தண்ணி கொதிக்கும்போது ஒரு வாசனை வருது. ட்ரை கிளீனிங் போயிட்டு வந்த கோட்டப் பிரிச்சா ஒரு வாசனை அடிக்கும் பாருங்க, தித்திப்பா? அதே வாசனை."

பாட்டிலக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காலைலேர்ந்து கோட்டுக்குள்ளயே மூக்க வச்சிட்டிருந்தா டீல கோட்டு வாசனைதான் வரும், டெய்லர். டம்ளர் அடியில பட்டன் ஏதாவது கெடந்துதா, பாத்தீங்களா?"

தங்கையும் சிரித்தாள். டெய்லரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. ஊருக்கு மேட்டுப் பக்கம் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். தங்கைக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. அடுப்படி குறுகல், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. இங்கே என்றால் சுவரைத் தட்டினால் அடுத்த வீட்டு டீச்சர் என்ன என்று கேட்பாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மூன்று வாரம் இழுபறியாகக் கிடந்தார்கள். கடைசியில் தங்கை அக்காவிடம் வந்தாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லுக்கா. நீ போன்னு சொன்னா நாளைக்கே மூட்டை கட்டறேன். இருன்னா இருக்கறேன்."

பாட்டிலக்கா தங்கை வீட்டு அடுப்படிக் குழாயிலேயே தண்ணீர் பிடித்தாள். பஞ்சு, எரிவிளக்கு, ஐந்து நிமிடம், ஒரு விரல். பன்னிரண்டு நாளில் தாள் வந்தது. அந்தத் திரவத்துக்கு நேரே 'இல்லை' என்று அச்சாகியிருந்தது. அதைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அவள் கையிலேயே கொண்டுபோனாள். டெய்லரின் மெஷின்மேல் வைத்தாள்.

"என் கையால எடுத்தது. இன்னும் சந்தேகம்னா சொல்லுங்க, அடுத்த தடவ உங்க மூக்க லேபுக்கு அனுப்பிடுவோம்."

டெய்லர் தாளை இரண்டு தரம் படித்தார். "நீங்களே பாத்துட்டீங்க. அப்பறம் என்ன" என்றார். மேட்டு வீடு கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர் அந்த வாசனையைப் பற்றி மூச்சு விடவில்லை. டீயை மட்டும் நன்றாக ஆறவைத்துக் குடிக்கப் பழகிக்கொண்டார். மூக்கு ஒன்று சொல்ல, முத்திரை குத்திய காகிதம் வேறொன்று சொன்னால் மனுஷன் எதை நம்புவான்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. சிறுநீரகத்தில் கட்டி. ஒரு சிறுநீரகத்தையே எடுத்தார்கள். டாக்டர் குடைந்து குடைந்து கேட்டார். என்ன வேலை, சாயம் ஏதாவது தொடுகிறாரா, சிகரெட் உண்டா, குடிக்கிற தண்ணீர் எப்படி. தண்ணீர் என்றதும் தங்கைக்குப் பெருமை வந்துவிட்டது. "அதுல ஒரு கொறையும் இல்ல டாக்டர். எங்கக்காவே டெஸ்ட் பண்ணிட்டா." டாக்டர் அந்தக் கேள்வியைத் தாண்டி அடுத்ததுக்குப் போனார். இந்த வருஷம் கட்டி நுரையீரலில் முளைத்தது. இந்தத் தடவை டாக்டர் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் லேபுக்குப் புது கெமிஸ்ட் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். வந்த நாலாம் நாள், பாட்டிலக்கா பெட்டியை மேஜையில் வைத்ததும் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஏன் காத்து இருக்கு?"

"காத்தா? அது ஒரு விரல் இடம். விடணும்ல."

"கிருமி பாட்டில்ல விடணும். இது ஆலைத் திரவம் பாக்கற பாட்டில் இல்லையா?"

"எல்லாத்துலயும் விடுவோம்மா. குலுக்கணும்ல?"

கெமிஸ்ட் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவள் குரல் தணிந்தது, மரியாதையில் அல்ல, பயத்தில். "அக்கா, இந்தத் திரவம் தண்ணிக்குள்ள இருக்கப் பிடிக்காத ஜாதி. கொஞ்சம் காலி இடம் கெடைச்சா போதும், தண்ணிய விட்டுட்டு அங்க ஏறிடும். வெயில்ல வேன்ல வந்தா இன்னும் சீக்கிரம். இங்க மூடியத் திறந்ததும் பறந்துடும். மிச்சத் தண்ணியத்தான் நாங்க சோதிப்போம். ஒண்ணுமே இல்லன்னுதான் வரும். ஒரு பொட்டுக் காத்து இல்லாம விளிம்பு வரைக்கும் பிடிக்கணும். பெட்டி மூடிக்குள்ள படமே போட்டிருக்கு, பாருங்க."

பாட்டிலக்கா பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். படம் இருந்தது. விளிம்பு வரை நிரம்பிய பாட்டில், தலைகீழாகப் பிடித்த கை, குமிழி ஒன்றின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. பதினோரு வருஷமாக அந்தப் படத்தின்மேல் அவள் வீட்டு எண் பட்டியலை ஒட்டி வந்திருக்கிறாள். ஒட்டுவதற்கு வசதியான இடம் என்று.

"எத்தன வருஷமா இப்படி எடுக்கறீங்க?" என்று கெமிஸ்ட் கேட்டாள்.

பாட்டிலக்கா விரல் விட்டு எண்ணினாள். அந்தத் தெருவுக்கு மட்டும் வருஷத்துக்கு நாலு தடவை, பதினோரு வருஷம். அவள் மனசு அந்த நாற்பத்து நாலில் ஒன்றே ஒன்றின்மேல்தான் போய் நின்றது. மெஷின்மேல் அவள் கொண்டுபோய் வைத்த தாள்.

மறுநாள் காலை, புதுச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். வேறு எந்த வீட்டுக்கும் போக அவளுக்குத் தோன்றவில்லை. குழாயை நூல் போல ஒழுகவிட்டாள். பாட்டிலின் பக்கவாட்டில் தண்ணீரை வழியவிட்டு, வாய்க்கு மேலே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிற வரைக்கும் பிடித்து, மூடியைத் திருகித் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு குமிழி வந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். குமிழி இல்லாமல் பிடிக்க நாலு தடவை ஆயிற்று.

"என்னக்கா, புதுசா வேலைக்குச் சேந்தவ மாதிரி பிடிக்கற?" என்றாள் தங்கை, அரிசி களைந்துகொண்டே.

"புது முறையாம்."

"முறைய மாத்துறதுக்கு மட்டும் ஆபீஸ்ல ஆள் இருக்கு. தெரு விளக்க மாத்த ஆள் இல்ல."

உள்ளறையில் டெய்லர் இருமினார். பாட்டிலக்கா பையை மூடிக்கொண்டு, அவரைப் பார்க்காமலே படியிறங்கினாள்.

மூன்றாம் நாள் கெமிஸ்ட் அவளை லேபுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நூறு கோடிப் பங்கு தண்ணீரில் அந்தத் திரவம் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. வந்திருந்தது நூற்று நாற்பது. கெமிஸ்ட் இரண்டாவது பாட்டிலையும் போட்டுப் பார்த்திருந்தாள், நூற்று முப்பத்தாறு. பாட்டிலக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை வரவில்லை. 'டம்ளர் அடியில பட்டன் கெடந்துதா' என்று அவளே அவள் காதுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இலாகா ஆபீசர் மட்டும் அன்றைக்குப் பம்பரமாகச் சுழன்றார். ஒரு மேஜையில் இருக்கும் தாள் அடுத்த மேஜைக்குப் போகவே ஒரு மாதம் ஆகும் ஆபீசில், நாலே நாளில் போரை மூடினார். மூடினார் என்றால் பம்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் சிமென்டைக் கொட்டி அடைத்தார். "இன்னும் ரெண்டு மூணு தடவ தண்ணி எடுத்து வச்சிக்கலாம் சார், அப்பறம் மூடலாம்" என்று கெமிஸ்ட் சொல்லிப் பார்த்தாள். "ஜனங்க குடிச்சு சாகட்டுமாம்மா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தார். நல்ல கேள்வி. அவருக்கு அதைக் கேட்கப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

தெருவுக்குத் தண்ணி லாரி வந்தது. பத்திரிகையில் சேதி வந்தது. பின் தெருவில் பாட்டிலக்கா கால் வைத்ததும் கதவுகள் திறந்தன. அடுத்த வீட்டு டீச்சர் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். டீச்சருக்கும் சிறுநீரகத்தில் சின்னதாக ஒரு கட்டி, போன மாதம்தான் தெரிந்திருந்தது. ஆரம்ப நிலை, நல்ல ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லியிருந்தார்கள். இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை. "நீங்க மட்டும் கண்டுபிடிக்கலன்னா எங்க கதி என்னக்கா?" என்றாள். தங்கை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "எங்கக்கா கைய விட்டு எது தப்பும்?" என்றாள். பாட்டிலக்காவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதையும் இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள், வேறென்ன செய்ய?

ஒரு மாதத்தில் அரசாங்கம் விசாரணை அறிவித்தது. யார் யாரை ஆலை தன் பொறுப்பில் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும் விசாரணை. தெருவில் நோய் கண்டவர்கள் முப்பத்தொரு பேர். ஆலை ஒரு கடிதம் கொடுத்தது. போன வருஷம் ஒரு திரவப் பீப்பாய் உருண்டு கொட்டியது. தண்ணீரில் ஏதாவது கலந்திருந்தால் அதிலிருந்துதான் இருக்க வேண்டும். அதற்கு முன்பு தண்ணீர் சுத்தம் என்பதற்கு இலாகாவின் ரிப்போர்ட்டுகளே சாட்சி. ஆகவே போன வருஷத்துக்குப் பிறகு நோய் கண்ட பதினொரு பேருக்கு மட்டும் பார்க்கலாம். அந்தப் பதினொன்றில் டீச்சர் இருந்தாள். டெய்லர் இல்லை. டெய்லரோடு சேர்த்து இருபது பேர் வெளியே.

பாட்டிலக்கா ஆபீசர் அறைக்குப் போய் ஒரு விரல் கதையைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத நீ என்கிட்ட சொல்லல, நான் கேக்கல."

"விசாரணையில சொல்லப் போறேன் சார்."

"சொல்லு. பழைய பாட்டிலெல்லாம் தப்பா பிடிச்சேன்னு சொல்லு. புதுப் பாட்டில யார் பிடிச்சா? நீதானே? அந்தக் கை தப்பு, இந்தக் கை சரின்னு எவன் ஒத்துக்குவான்? இருக்கற பதினொண்ணும் போயிடும்மா. போய் வேலையப் பாரு."

மிரட்டுகிறான் என்று நினைத்தாள் பாட்டிலக்கா. தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளப் பூசி மெழுகுகிறான் என்று நினைத்தாள். அதுவும் உண்மைதான். சுயநலக்காரன் வாயிலிருந்தும் சில சமயம் சரியான பேச்சு வந்து தொலைக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே தங்கை வீட்டுக்குப் போனாள். டெய்லர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் தங்கை லாரித் தண்ணீரைக் குடத்திலிருந்து குடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பாட்டிலக்கா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பழைய சூப்பர்வைசர், குலுக்குவது, மூடிக்குள் படம், ஐந்து வருஷத்துக்கு முந்தைய தாள், ஆபீசர் சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை. தங்கை குடத்தை இறக்கிவைத்தாள். பிறகு கேட்டாள்.

"மூணு வருஷமா நான் அவர எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா? உங்க சிகரெட்டாலதான் எல்லாம், என்ன நடுத்தெருவுல விடப் போறீங்கன்னு. ஒரு நாளைக்கு ரெண்டு சிகரெட் பிடிச்ச மனுஷன்க்கா. வாயத் தொறக்காம கேட்டுட்டு இருந்தாரு."

"நான் விசாரணையில சொல்லிடறேன்டி. அவர் பேரும் உள்ள வந்துடும்."

"அவர் பேர் வந்து என்ன ஆகப் போகுது? எந்த ஆஸ்பத்திரிக்கும் இனிமே அவர் வேணாம். டாக்டர் சொல்லிட்டாரு." தங்கை முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "அந்த ஆபீசர் சொன்னது எனக்குப் புரியுது. நீ பேசாத. டீச்சர் போகணும். அவ பொழைக்கணும். மத்த பேர் வெளிய நிக்கறது எனக்கும் வயித்தெரிச்சல்தான், ஆனா இருக்கறதையும் கொட்டிடாத."

"எப்படிடி வாய மூடிட்டு இருக்கறது? எனக்குத் தூக்கம் வரல. நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு."

"ஆமா, நீ சொல்லி எறக்கி வச்சிடுவ. நான் எங்க போய் எறக்கி வைக்கறது?"

விசாரணையில் பேசமாட்டேன் என்று பாட்டிலக்கா தலையை ஆட்டினாள். ஆட்டியபோது உண்மையாகத்தான் ஆட்டினாள்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. தெருவே வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தங்கை. ஆலையின் வக்கீல் நரைத்த தலை, சாந்தமான முகம், யாரையும் கடிந்து பேசாத குரல். அவர் பாட்டிலக்காவை எழுப்பி நிறுத்தி, பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா."

"என்ன போட்டிருக்கு?"

"இல்லைன்னு."

"இது?"

"என் கையெழுத்துதான். இல்லைன்னு."

நாற்பத்து நாலையும் அவர் விடவில்லை. இருபதைத் தாண்டியபோது ஹாலில் சலசலப்பு வந்து அடங்கியது. முப்பதைத் தாண்டியபோது அவள் தாளைப் பார்க்காமலே 'இல்லைன்னு' என்றாள். கடைசித் தாளை மடித்துவைத்துவிட்டு வக்கீல் அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "பதினோரு வருஷம் ஒரு தடவகூடத் தவறாம, கண்ணும் கருத்துமா வேல பாத்திருக்கீங்க. உங்கள மாதிரி ஊழியர் கெடைக்க இந்தத் தெரு கொடுத்து வச்சிருக்கணும்."

அந்தப் பாராட்டுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"அத்தனையும் தப்பு!" என்று கத்தினாள். "நான் பாட்டில தப்பாப் பிடிச்சேன். ஒரு விரல் இடம் விட்டேன். எல்லாம் பறந்துபோச்சு. தண்ணி அப்பவே கெட்டுதான் இருந்தது!"

ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டார். வக்கீல் மட்டும் பதறவில்லை. அவர் முகத்தில் இருந்தது, சொல்லக் கூசுகிறது, இரக்கம்.

"அப்படியாம்மா. பாட்டில் பிடிக்கற முறை உங்களுக்குப் பதினோரு வருஷமாத் தெரியாது."

"தெரியாது. இப்பத் தெரியும்."

"எப்ப கத்துக்கிட்டீங்க?"

"புதுசா பிடிச்சேனே, அதுக்கு முந்தின நாள்."

"முந்தின நாள் கத்துக்கிட்டு, மறுநாள் பிடிச்ச பாட்டில்லதான் நூத்து நாப்பது வந்தது. பிடிக்கும்போது கூட யார் இருந்தா? கெமிஸ்ட் இருந்தாங்களா?"

கெமிஸ்ட் எழுந்து, தான் அங்கே இல்லை என்றாள். லேபுக்கு வந்த பாட்டில் சரியாக நிரம்பியிருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வக்கீல் பாட்டிலக்காவிடம் திரும்பிவிட்டார்.

"யார் வீட்டுல பிடிச்சீங்க?"

"என் தங்கச்சி வீட்டுல."

"யார் பாத்தா?"

"என் தங்கச்சி."

"அவங்க கணவருக்கும் இதே நோய்தானே?"

"ஆமா."

"அதே போர்லேர்ந்து வேற யாராவது, வேற ஒரு நாள், இன்னொரு பாட்டில் பிடிச்சுப் பாத்தாங்களா?" வக்கீல் ஆபீசர் பக்கம் திரும்பினார். போர் சிமென்ட் போட்டு அடைக்கப்பட்டுவிட்டது என்று ஆபீசர் எழுந்து நின்று சொன்னார். வக்கீல் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. மாதிரி எடுத்த ஊழியரே தமது முறை பிழையானது என்று ஒப்புக்கொண்டிருப்பதாலும், அதே ஊழியர் தமது உறவினர் வீட்டில் எடுத்த கடைசி மாதிரியையும் நம்புவதற்கில்லை என்பதாலும், மறு மாதிரி எடுக்க வழி இல்லாததாலும், தண்ணீர் எந்த வருஷத்திலும் கெட்டிருந்தது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பெயர்ப் பட்டியலை ரத்து செய்கிறோம். ஆலை தன் கருணையால் ஆறு மாதத்துக்குத் தண்ணி லாரி அனுப்ப முன்வந்ததை வரவேற்கிறோம்.

பாட்டிலக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் பின் தெருவுக்கு நடந்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. டீச்சர் வீட்டு வாசலில் குழந்தை தனியாக உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து யாரோ வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டாம் தடவை தட்டிய பிறகு, தங்கை பாதிக் கதவைத் திறந்து நிலையில் கையை ஊன்றி நின்றாள்.

"உண்மையத்தானடி சொன்னேன்" என்றாள் பாட்டிலக்கா. வழி நெடுக வேறு என்னவெல்லாமோ சொல்ல யோசித்துக்கொண்டு வந்தவள்.

தங்கை அவளைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "நான் உன்கிட்ட உண்மையக் கேட்டது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. போன மாசம் கேட்டது அது இல்ல. வாய மூடிட்டு இருக்கச் சொன்னேன், அவ்வளவுதான். அதக்கூட எனக்காகச் செய்ய முடியலல்ல உன்னால?"

பாட்டிலக்கா வாயைத் திறந்தாள். உள்ளறையிலிருந்து டெய்லரின் குரல் வந்தது. முன்பு போலக் கணீர் என்று இல்லை, மூச்சுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தீர்ப்பைப் பற்றியும் சொல்லவில்லை, ஒரு விரலைப் பற்றியும் சொல்லவில்லை.

"யாரு வந்திருக்கா? அண்ணி குரல் மாதிரி இருக்கே? உள்ள வரச் சொல்லு. டீ போடு."

தங்கை திரும்பாமல், அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அண்ணி இல்லங்க. தண்ணி ஆபீஸ்லேர்ந்து யாரோ வந்திருக்காங்க. இப்பப் போயிடுவாங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.